நாயும் பூனையும் ஒரே வீட்டில்: ‘தானா பழகிடும்’ என்று விட்டால் தோற்பது பூனைதான்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மாடியில் ஒரு வாடகை போர்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம் நான்கு வயது நாய் இருக்கிறது. கல்யாணமாகி வரும் பெண், நாமக்கல்லில் தான் வளர்த்த பூனையையும் கூடையில் வைத்து எடுத்து வருகிறார். சாயங்காலம் எல்லோரும் ஹாலில் கூடுகிறார்கள். ஒருவர் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கூடையைத் திறக்க, மூன்றாமவர் கையில் போன் ரெடி. ‘ஃபர்ஸ்ட் மீட்டிங்’ ரீல்ஸ் எடுக்கணுமே!

பத்தே விநாடி. பூனை பிரிட்ஜ் மேல். நாய் குரைக்கிற குரைப்பில் பக்கத்து போர்ஷன் கதவு திறக்கிறது. கூடையைத் திறந்தவர் கையில் மூன்று கோடாக ரத்தம். “விடுங்க, ரெண்டு நாள்ல தானா பழகிடும்” என்கிறார் வீட்டுப் பெரியவர். ரெண்டு வாரம் கழித்து யாராவது விசாரித்தால் பதில் வேறு மாதிரி வரும்: “பூனை தானா போயிடுச்சுங்க.”

ஊரையும் தெருவையும் மாற்றிப் போட்டால் பல வீடுகளுக்குப் பொருந்தும் காட்சி இது. அந்த இரண்டு ‘தானா’வும்தான் இங்கே பிரச்சினை. பூனை தானாகப் போகவில்லை. அந்த வீட்டில் அதற்கு நிற்க இடம் இல்லாமல் போனது, அதனால் போனது. நாயும் பூனையும் பிறவி எதிரிகள் என்று பழியை இயற்கை மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது முதல் நாள், முதல் பத்து விநாடியில். அதைச் செய்வது மனிதர்கள்.

தோட்டத்துச் சாளையில் மட்டும் எப்படி இருந்தன?

“எங்க தோட்டத்துல நாயும் பூனையும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, இதுக்கெல்லாம் டிரெய்னிங்கா?” என்று ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சேலம், நாமக்கல் சமவெளியில் தோட்டத்துச் சாளை என்றால் நாய் உண்டு, பூனையும் உண்டு. மக்காச்சோளமும் கோழித் தீவனமும் மூட்டை மூட்டையாக இருக்கும் இடத்தில் எலி வராமல் இருக்காது. எலி வந்தால் பூனை வேண்டும். திருட்டுக்கும் நரிக்கும் நாய் வேண்டும்.

ஆனால் அந்த வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாய் கட்டுத்தறியிலோ வாசல் மரத்தடியிலோ கிடக்கும். அடுப்படிக்குள் அதற்கு அனுமதி கிடையாது. பூனைக்கு அடுப்படி, அட்டாலி, ஓட்டுக்கூரை என்று மேலே தனியாக ஒரு ஊரே இருந்தது. நாய் துரத்தினால் ஒரே தாவு, ஓட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு வாலை நக்கிக்கொண்டிருக்கும். ரெண்டுக்கும் சாப்பாடு வேறு வேறு இடம், தூக்கம் வேறு வேறு இடம். அங்கே இருந்ததை நட்பு என்று சொல்வதைவிட நல்ல வாஸ்து என்று சொல்லலாம்!

இதைப் பொற்காலமாகக் காட்ட வேண்டியதும் இல்லை. அந்த அமைதியில் பாதி, நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டதால் வந்தது. தப்பிக்கத் தெரியாத குட்டிப் பூனைகள் நாய் வாயில் போனதும் உண்டு. அதை யாரும் கணக்கு வைக்கவில்லை.

இப்போது அதே ஜோடி ரெண்டு பெட்ரூம் கான்கிரீட் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அட்டாலி இல்லை, ஓடு இல்லை. லாஃப்ட் இருந்தாலும் பலகை போட்டு மூடியாச்சு. நாயும் ஹாலில், பூனையும் ஹாலில், தண்ணீர்க் கிண்ணம்கூட ஒன்று. பழைய வீட்டில் சுவரும் கூரையும் செய்த வேலையை இந்த வீட்டில் யாரும் செய்யவில்லை. அதை வளர்ப்பவர் செய்தாக வேண்டும். ‘அட்ஜஸ்ட் பண்ண வைக்கிறது’ என்றால் முதலில் வீட்டைத்தான் அட்ஜஸ்ட் பண்ணணும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இரண்டும் நல்லபடியாகவே இருந்தன. கால்வாசி வீடுகளில் ‘நீ உன் பாட்டுக்கு, நான் என் பாட்டுக்கு’ என்ற நிலை. சண்டையும் விரட்டலுமாக இருந்தவை சுமார் பத்தில் ஒரு பங்குதான். பூனைக்கு ஆறு மாதம் ஆவதற்குள், நாய்க்கு ஒரு வயது ஆவதற்குள் அறிமுகம் நடந்திருந்தால் உறவு சுமுகமாக அமைய வாய்ப்பு அதிகம் என்றும், பூனை முதலில் வீட்டுக்கு வந்து நாய் பிறகு வந்தால் இன்னும் நல்லது என்றும் அந்த ஆய்வு சொன்னது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டியது. இந்த உறவு நன்றாக அமையுமா இல்லையா என்பதை அதிகம் தீர்மானிப்பது, நாய் பக்கத்தில் இருக்கும்போது பூனை எவ்வளவு நிம்மதியாக உணர்கிறது என்பதுதான்.

நம்ம ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். கவனம் முழுக்க நாய் மேல். நாய் சமத்தாக இருக்கா, கடிக்காதா, உட்கார்னு சொன்னா உட்காருதா? பூனையை யாரும் கேட்பதில்லை. பீரோவுக்குப் பின்னால் மூன்று நாளாகச் சாப்பிடாமல் பதுங்கிக் கிடந்தாலும் “அது அப்படித்தான், பூனைன்னாலே திமிரு” என்று பேச்சு முடிந்துவிடும்.

வால் ஆட்டினால் ஒரே அர்த்தம் இல்லை

நாய் தளர்வாக வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலைப் பட் பட்டென்று அடித்தால் எரிச்சல். நாய் முன்னங்காலை நீட்டிக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கினால் ‘விளையாட வா’ என்று பொருள். பூனை கண்ணுக்கு அது பாயத் தயாராகும் மிருகம். பூனை மல்லாந்து படுத்தால் நாய் அதைச் சரணாகதி என்று நினைத்து மூக்கை நீட்டும். பூனைக்கோ நாலு காலிலும் நகத்தை நீட்டிச் சண்டை போட வசதியான நிலை அது. மூக்கில் கீறல் வாங்கிய நாய்க்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியாது.

நல்ல செய்தி, இந்த மொழியை இரண்டும் கற்றுக்கொள்கின்றன. டெல் அவிவ் ஆய்விலேயே, மூக்கோடு மூக்கு வைத்து முகமன் சொல்லும் பூனைப் பழக்கத்தை நாய்கள் பிடித்துக்கொண்டது பதிவாகியிருக்கிறது. ஆனால் பயத்தில் இருக்கிற உயிர் எதையும் கற்காது. அதனால்தான் முதல் சில வாரம் அவ்வளவு முக்கியம்.

மூடிய கதவில் இருந்து ஆரம்பிக்கணும்

புதிதாக வருவது பூனை என்றால் ஒரு ரூமை அதற்கென்று ஒதுக்குங்கள். கதவு மூடியிருக்கட்டும். உள்ளே சாப்பாடு, தண்ணீர், மணல் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஏறி உட்கார ஓர் உயரமான இடம். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து ஒரு பழைய துண்டை விரித்தாலே போதும். சில நாட்களுக்கு நாயும் பூனையும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். பூனை படுத்த துணியை நாய் இருக்கும் இடத்திலும், நாய் படுத்த துணியைப் பூனை ரூமிலும் போடுங்கள். இரண்டுக்கும் மூக்குதான் முதல் அறிமுகம். பூனை பழையபடி சாப்பிட்டு, மணல் தொட்டியை ஒழுங்காகப் பயன்படுத்த ஆரம்பித்தால்தான் அடுத்த கட்டம். எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்காதீர்கள், பூனையைப் பாருங்கள்.

அடுத்து, கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று ஒரே நேரத்தில் சாப்பாடு. முதலில் தள்ளி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி. அந்த வாசனை வந்தால் நல்ல சாப்பாடு வரும் என்பது மனதில் பதியணும்.

பார்க்க விடும்போது நாய்க்குக் கட்டாயம் கயிறு இருக்க வேண்டும். பூனையை யாரும் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது; அது தானாக வரட்டும், வேண்டாமென்றால் போகட்டும். நாய் பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிற நொடியில் அதற்கு ஒரு துண்டு அவித்த முட்டை. நாமக்கல் பக்கம் அதற்கு என்ன பஞ்சம்? கண் இமைக்காமல், வாய் மூடி, உடம்பு விறைத்துப்போய் நாய் பூனையையே முறைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். குரைக்கிற நாயைவிடச் சத்தமே போடாமல் முறைக்கிற நாயிடம்தான் அதிக கவனம் தேவை. ஐந்து நிமிடம் அமைதியாகப் போனால் போதும். ‘நல்லாத்தானே போகுது, இன்னும் கொஞ்ச நேரம்’ என்று இழுக்கும்போதுதான் கெட்டுப்போகும்.

அடிக்கவே கூடாது. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால், பூனை என்றாலே வலி என்றுதான் நாய் கற்கும். அதன் பலன் பிறகு யாரும் இல்லாத நேரத்தில் பூனை மேல் இறங்கும்.

இங்குள்ள வீடுகளில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: இரும்பு கிரில் கேட். திருடனுக்காகப் போட்டது என்றாலும் கம்பி இடைவெளியில் பூனை நுழையும், ஓரளவு பெரிய நாய் நுழையாது. வராண்டாவுக்கும் ஹாலுக்கும் நடுவில் அப்படியொரு கேட் இருந்தால், பூனைக்கு மட்டும் திறந்திருக்கும் வாசல் கிடைத்துவிட்டது. கொசுவலைக் கதவை மட்டும் நம்ப வேண்டாம். நாயின் நகத்துக்கு அது தாங்காது.

சில வாரங்களில் சரியாகிவிடும் வீடுகளும் உண்டு, மாதக்கணக்கில் ஆகும் வீடுகளும் உண்டு. அதுவரை ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விட்டுப் போகக் கூடாது. காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் ஜோடிக்கு இது எளிதில்லைதான். ஆனால் ரூம் கதவைச் சாத்திவிட்டுப் போக அரை நிமிடம்கூட ஆகாது.

எல்லா நாயும் ஒன்றில்லை

சொந்த ஊர் இனம் வளர்ப்பது இப்போது பெருமைக்குரிய விஷயம், நல்லதுதான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் எதற்காக வளர்க்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. கண்ணால் பார்த்து, ஓடுவதைத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள் அவை. தரையோடு குனிந்து ஓடும் சின்ன உருவம் கண்ணில் பட்டால், புத்தி யோசிப்பதற்கு முன் கால் ஓடிவிடும். பூனையோடு நிம்மதியாக வாழும் சிப்பிப்பாறைகள் இல்லாமல் இல்லை. குட்டியிலிருந்தே பூனையோடு வளர்ந்தால் வாய்ப்பு கூடும். நாய்க்குட்டி மற்ற உயிர்களோடு எளிதாகப் பழகும் பருவம் பிறந்த மூன்றாம் வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை, பூனைக்குட்டிக்கு அதைவிடச் சீக்கிரம், இரண்டு முதல் ஏழு வாரம். ஆனால் வீட்டுப் பூனையோடு கொஞ்சுகிற நாய், மொட்டைமாடிச் சுவரில் வரும் வெளிப் பூனையைத் துரத்தத்தான் செய்யும். அதற்கு ‘பூனை’ என்ற இனம் பழகவில்லை, ‘இந்தப் பூனை’ பழகியிருக்கிறது.

“எங்க நாய் ஒண்ணும் பண்ணாது” என்பது நாய் வளர்ப்பவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியமாக இருக்கும். ஏற்கெனவே ஒரு பூனையைக் குதறிய நாய் இருக்கும் வீட்டில், அதுவும் ஒற்றை ரூம் லைன் வீட்டில், பூனை கொண்டுவருவது பாசம் ஆகாது. அங்கே சரியான முடிவு, பூனை வேண்டாம் என்பதுதான். சில வீடுகளில் கடைசி வரை நாய் ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம் என்று கதவு மாற்றி மாற்றித்தான் ஓடும். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை.

பூனையைக் கொல்லும் உண்ணி மருந்து

நாய் கடித்துவிடுமோ என்று பயப்படும் வீடுகள் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்த வெயில் பூமியில் நாய்க்கு உண்ணித் தொல்லை தீராது. மாட்டுக்கு, ஆட்டுக்கு வாங்கிய மருந்தையே தண்ணீரில் கலந்து நாய்க்கும் ஊற்றிவிடுவது கிராமத்துப் பழக்கம். நகரத்தில் கழுத்தில் விடும் சொட்டு மருந்து, பவுடர், ஷாம்பு. இவற்றில் பலவற்றில் இருப்பது பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள். சரியான அளவில் நாய்க்கு இவை ஒத்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலால் இவற்றைச் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு வரும், உயிரும் போகும். பூனைக்கு நேரடியாகப் போட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுத்து, அதன் முடியை நக்கினாலும் ஆபத்துதான். நாயும் பூனையும் நல்ல நண்பர்களாகிவிட்ட வீட்டில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்பது கொடுமை. அதனால் மருந்து வாங்கும்போதே “வீட்டில் பூனையும் இருக்கு” என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதேபோல காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்குக் கூடவே கூடாது, பாதி மாத்திரை என்றாலும்.

சாப்பாடும் தனித்தனிதான். பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். நாய்த் தீனியை மட்டும் தின்று வளரும் பூனைக்குக் காலப்போக்கில் கண்ணும் இதயமும் கெடும். பூனைக் கிண்ணத்தை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தால் சண்டைக்கான காரணங்களில் பாதி குறையும். மணல் தொட்டியும் நாய்க்கு எட்டக் கூடாது. நாய்கள் அதைக் கிளறித் தின்பதும், புழுத் தொற்று வருவதும் சகஜம்.

ரேபிஸ் ஊசி என்றால் நாய்க்கு மட்டும் என்ற நினைப்பும் மாற வேண்டும். பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். இரண்டுக்கும் டாக்டர் சொல்லும் கணக்கில் தடுப்பூசி தவறக் கூடாது. முதல் நாள் கூடையைத் திறந்து கீறல் வாங்கியவர் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துவிட்டு ரீல்ஸ் எடிட் பண்ண உட்காரக் கூடாது.

இந்த விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்தப் பகுதியில் இடமில்லை என்று சொல்லவும் முடியாது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டம் தலைவாசலில் 2021இல் கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் கால்நடை டாக்டர் என்றால் மாடு, ஆடு, கோழிக்கு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நாய்க்காவது போவார்கள். பூனையை எடுத்துக்கொண்டு போனால் “இதுக்குமா?” என்று பஸ்ஸிலேயே கேட்பார்கள்.

‘கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டோம்’

சரிப்பட்டு வராத வீடுகளில் கடைசியில் வெளியேறுவது யார்? விலை கொடுத்து வாங்கிய நாய் அல்ல. பூனைதான் கோணிப்பையில் ஏறும். ஏரிக்கரை, மீன் மார்க்கெட், ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு கோழிப்பண்ணை. “அங்க எலி நிறைய இருக்கும், பொழச்சுக்கும்” என்று ஒரு சமாதானம். வீட்டில் தட்டில் தின்று வளர்ந்த பூனை, மற்ற பூனைகளின் எல்லைக்குள், தெருநாய்களுக்கு நடுவில், பழக்கமில்லாத இடத்தில் இறக்கிவிடப்படுகிறது. எலிக்கு மருந்து வைக்கும் பண்ணையாக இருந்தால் அந்த எலியே அதற்கு விஷம்.

இது சட்டப்படியும் குற்றம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலை வரும் என்று தெரிந்து, தக்க காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு தடை செய்கிறது. முதல் முறை சிக்கினால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பதேதான். சேலத்தில் ரெண்டு தட்டுவடை செட் விலைகூட வராது. சட்டம் பயமுறுத்தாது என்பதால்தான் கூடையைத் திறப்பதற்கு முன்பே யோசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் நாய் இல்லாத ஒரு வீட்டைத் தேடி, ஆள் பார்த்துக் கொடுப்பதுதான் வழி. அதற்கு மாதம் ஒன்றானாலும் அதுவரை அந்த ரூம் கதவு பூனையைக் காக்கும்.

ஏற்கெனவே முதல் நாளைச் சொதப்பிவிட்ட வீடுகள்? பெரும்பாலும் திரும்ப ஆரம்பிக்கலாம். பூனையைத் தனி ரூமில் விட்டு, கதவைச் சாத்தி, துணி மாற்றுவதிலிருந்து மறுபடியும். இந்த முறை இன்னும் மெதுவாக. தீபாவளி வாரத்திலோ, வீட்டில் விசேஷம் வைத்து நாற்பது பேர் வந்து போகும் நாளிலோ வேண்டாம். வெடிச் சத்தத்தில் இரண்டுமே நடுங்கிக்கொண்டிருக்கும். வேலைக்கு லீவு கிடைக்கும் ஒரு சாதாரண வெள்ளி, சனி, ஞாயிறு போதும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அவித்த முட்டையோடு கதவருகே உட்காருங்கள்.